சக்கரத்துக்குள் ஒரு வண்டு

என் வீட்டுக்காரர் காலமாகிச் சில மாதங்கள் கழித்து எங்கள் காருக்குள் ஒரு வண்டு புகுந்துகொண்டது. நிஜ வண்டு என்றால் கதவைத் திறந்து விரட்டியிருப்பேன். இது வெறும் சத்தம். ஈப்போவில், புந்தோங்கில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து மீன் வாங்கப் பசாருக்கும் கிளினிக்குக்கும் ஓட்டிப் போகும்போது இருக்கிற இடமே தெரியாது. லகாட் பக்கம் பெரிய சாலையில் ஏறி வேகம் எழுபதைத் தாண்டினால் போதும், காலுக்கு அடியிலிருந்து ‘ம்ம்ம்ம்’ என்று கிளம்பிவிடும். பால் டின்னுக்குள் அகப்பட்ட கருவண்டு முனகுவது போல இருக்கும். மிதித்தால் குரல் ஏறும், காலை எடுத்தால் இறங்கும், காரை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். இறங்கிப் போய்ப் பார்த்தால் நான்கு சக்கரங்களும் ஒன்றும் அறியாத பிள்ளைகள் மாதிரி நிற்கும்.

நான் கார் ஓட்டிப் பழகிய ஆள் இல்லை. லைசென்ஸ் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் ஃபேக்டரியில் வேலை செய்த காலத்தில் எடுத்தது. அதைத் தவறாமல் புதுப்பித்து வைத்திருந்தேனே தவிர, கல்யாணத்துக்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டது அபூர்வம். அவர் ஓட்டுவார், நான் இடது பக்கம் உட்கார்ந்து குறை சொல்வேன். எங்கள் வீட்டில் வேலைப் பங்கீடு அப்படி. சிக்னல் போடவில்லை என்பேன், லாரிக்கு ரொம்பப் பக்கத்தில் போகிறீர்கள் என்பேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு தன் போக்கில் ஓட்டுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார் டாக்டர். முதல் நாள்தான் பசாருக்குப் போய் மீன் வாங்கி வந்து, காரைக் கழுவி, நிழலில் விட்டிருந்தார்.

எங்களுக்கு ஒரே மகன். ஷா ஆலமில் வேலை. காரியமெல்லாம் முடிந்து அவன் திரும்பிப் போனதும், நான் வீட்டு வாசலில் நின்ற காரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பிறகு ஒரு நாள் துணிந்து உள்ளே உட்கார்ந்தேன். முதலில் தெருமுனை, அடுத்து பசார், அதற்கடுத்து நெடுஞ்சாலை. என்னாலும் ஓட்ட முடிகிறது என்று கொஞ்சம் தலைக்கனம் வந்த நேரத்தில்தான் இந்த வண்டு முனக ஆரம்பித்தது. மகனிடம் போனில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

“அம்மா, அந்த ஓட்டக் காடிய வித்துருவோம்” என்றான். “எங்கயாச்சும் போகணும்னா போன்ல காடி கூப்பிடுங்க. வாசலுக்கே வந்துரும்லா.”

“வாசலுக்கு வரும். தோட்டத்துக்கு வருமா?”

தோட்டம் என்றால் ஆயர் தாவார் பக்கம் நான் பிறந்த இடம். ரப்பர் பால்மரங்களை வெட்டிச் சாய்த்து, எண்ணெய்க்காகச் செம்பனை வைத்து வெகு காலமாகிறது. நாங்கள் குடியிருந்த லயங்கள் இருந்த இடத்தில் இப்போது செம்பனைக் கன்றுகள் வளர்க்கும் பந்தல் இருக்கிறது. மாரியம்மன் கோயில் மட்டும் அங்கேயே நிற்கிறது. வருடத்தில் ஒரு நாள், சித்திரைத் திருவிழாவுக்கு, சிதறிப்போன சனமெல்லாம் அங்கே வந்து சேரும். அன்றைக்குக் காலையில் முதல் பொங்கல் பானை எங்கள் வீட்டுப் பானை. என் அப்பா காலத்திலிருந்து அதுதான் வழக்கம். அண்ணன் ஜொகூருக்குப் போனவர் போனவர்தான். பானையை வைக்க நான் ஒருத்திதான் மிச்சம். போனில் கூப்பிடுகிற கார்க்காரர்கள் ஆயர் தாவார் டவுன் வரைக்கும் வந்தாலும் வருவார்கள். சாலையை விட்டுச் செம்பனைக்குள் திரும்பும் செம்மண் பாதையைப் பார்த்தால், “இங்கயே எறங்கிக்குங்க ஆன்டி” என்று சொல்லிவிடுவார்கள். பானையைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தப் பாதையில் நடக்கிற வயதா எனக்கு?

“சத்தம் என்னான்னு தெரியாம நீங்க தனியா ஹைவேல போறத என்னால ஒத்துக்க முடியாதும்மா” என்றான் மகன். “வருசத் திதிக்கு நான் வருவேன்ல, அதுக்குள்ள கண்டுபிடிச்சாப் பாப்போம். இல்லன்னா நான் வரும்போது காடிய எடுத்துட்டுப் போயிருவேன்.”

“கண்டுபிடிக்கிறேன். கண்டுபிடிச்சிட்டா நீ வாயத் தொறக்கக் கூடாது.”

“சரி” என்றான். அவனும் என் பிள்ளைதானே, பந்தயம் என்றால் விடமாட்டான்.

திருவிழாவுக்குச் சில வாரங்கள் இருக்கும்போதுதான் அவர் போனார், அந்த வருடம் எங்கள் பானை வைக்கவில்லை. அதனால் அவருடைய வருசத் திதி முடிகிற கையோடு அடுத்த திருவிழா வந்துவிடும். அந்த ஒரு வருடமும் எங்களுக்குத் துக்கம். துக்கத்தின் சட்டதிட்டங்களையெல்லாம் கையில் எடுத்துக்கொண்டவள் என் நாத்தனார், அதாவது அவருடைய தங்கை. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. “வருசம் திரும்புற வரைக்கும் கோயிலு, கல்யாணம், பாட்டு ஒன்னும் ஆவாது அண்ணி” என்று பதினாறாம் நாளே சொல்லிவிட்டாள். நான் தலையாட்டினேன். ஆனால் சாயங்காலம் அவள் வீட்டுப் பக்கம் போனால் டிவியில் தொடர் ஓடிக்கொண்டிருக்கும். கேட்டால், “இது கதை அண்ணி, பாட்டு இல்ல” என்பாள். தொடர் ஆரம்பிக்கும்போதும் முடியும்போதும் பாட்டு வருமே, அப்போது மட்டும் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை அணைப்பாள். அவள் அண்ணன் மேல் வைத்திருந்த பாசத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. தொடர் மேல் வைத்திருந்த பாசமும் சின்னது இல்லை.

காரில் அந்தச் சிரமமெல்லாம் எனக்கு இல்லை. எங்கள் கார் ரேடியோ பழைய மாதிரி. அதன் முகப்பை மட்டும் தனியாகக் கழற்றி எடுத்துவிடலாம். அவர் காரை நிறுத்தும் ஒவ்வொரு தடவையும் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் இறங்குவார்.

“இந்த ரேடியோவ எவன் திருடப் போறான்? குடுத்தாக்கூட வாங்க மாட்டான்” என்று நான் சிரிப்பேன்.

“திருடன் உன்கிட்ட வந்து கேட்டுட்டா எடுப்பான்?” என்பார்.

அவர் போன அன்று, ஆணியில் தொங்கிய சட்டையில் அந்த முகப்பு கனத்துக்கொண்டிருந்தது. எடுத்து அவருடைய கண்ணாடியோடு சேர்த்து மேசை டிராயரில் வைத்துவிட்டேன். ரேடியோ இருந்த இடத்தில் ஒரு சதுரக் குழி. அதைப் பார்க்காமல் ஓட்டப் பழகிக்கொண்டேன்.

ரேடியோவைப் பற்றி எங்களுக்குள் நடந்த சண்டைகளை எழுதினால் தனிப் புத்தகமே போடலாம். ஊருக்குள் ஓட்டும்போது சத்தம் அளவாகத்தான் இருக்கும். நெடுஞ்சாலையில் ஏறினாரோ இல்லையோ, கை தானாகப் போய்க் குமிழைத் திருகும். பாட்டு, செய்தி, மருந்து விளம்பரம், எது வந்தாலும் ஒரே அலறல்தான். “காது செவுடா உங்களுக்கு? கொறைங்க” என்பேன். “நல்ல பாட்டுலா” என்பார். ஓடிக்கொண்டிருப்பது சலவைத் தூள் விளம்பரமாக இருக்கும். நானே கையை நீட்டிக் குறைப்பேன். போத்தா பாலம் வருவதற்குள் மறுபடியும் ஏற்றியிருப்பார். ஒரே ஒரு இடத்தில் மட்டும் நான் சொல்லாமலேயே குறைப்பார். ஆயர் தாவாரைத் தாண்டி, தோட்டத்துச் செம்மண் பாதையில் கார் திரும்பியதும் குமிழை இந்தப் பக்கம் திருகிவிடுவார். அம்மன் இருக்கும் எல்லைக்குள் வந்துவிட்டோம் என்ற பக்தி என்று நினைத்துக்கொண்டேன். சொந்தக்காரர்களிடம் சொல்லிப் பெருமைப்பட்டதும் உண்டு. வீட்டில் விபூதி பூசச் சொன்னால் மூன்று தடவை கூப்பிட வேண்டும், அந்த மனிதருக்கு எங்கள் அம்மன் மேல் எவ்வளவு பயம் பார் என்பேன்.

சரி, வண்டுக்கு வருகிறேன். முதல் வைத்தியம் நாத்தனாருடையது. “அண்ணன் வச்சிருந்த காடி, இப்ப அண்ணி ஓட்டுறாங்கன்னு நாலு பேரு கண்ணு வச்சிருப்பாங்க” என்றாள். நான் ஓட்டுகிற லட்சணத்தைப் பார்த்து எவளும் பொறாமைப்பட வாய்ப்பில்லை என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. பூசணிக்காய் சுற்றி உடைத்தாள். நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, “ஏத்துங்க அண்ணி” என்றாள். ஏற்றினேன். பழங்கள் சப்பென்று நசுங்கின. மறுநாள் லகாட் சாலையில் போனபோது வண்டு எலுமிச்சை வாசனையோடு முனகியது.

இரண்டாவது வைத்தியர் என் வீட்டுக்காரரின் பள்ளிக்கூடச் சிநேகிதர். லகாட்டில் ஒரு பழைய கடை வரிசையின் கோடியில் பட்டறை வைத்திருக்கிறார். என் வீட்டுக்காரரை மச்சான் என்று கூப்பிடுவார், என்னைத் தங்கச்சி என்பார். வாய் ஓயாமல் பேசுகிற ஆள். எதையும் அடித்துச் சொல்வார், அதில் பாதி தப்பாக இருக்கும், அதற்காகத் துளியும் வருத்தப்படமாட்டார். நான் வாயால் ‘ம்ம்ம்’ என்று செய்து காட்டி முடிப்பதற்குள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

“பேரிங்கு தங்கச்சி. சக்கரத்துக்கு நடுவுல குண்டு குண்டா உருளுமே, அது தேஞ்சு போச்சு. சத்தத்தக் கேட்டாலே சொல்லிருவேன்.”

“நீங்க இன்னும் சத்தத்தக் கேக்கலையே அண்ணே. நான்தானே கத்திக் காட்டுனேன்?”

“நீ நல்லாத்தான் கத்துன” என்று சொல்லிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார்.

அவர் ஓட்ட, நான் பழையபடி இடது பக்கம் உட்கார்ந்தேன். பெரிய சாலையில் ஏறியதும் வண்டு கிளம்பியது. கியரை எடுத்துவிட்டு, காரைச் சும்மா உருளவிட்டார். இன்ஜின் அடங்கியது, முனகல் அடங்கவில்லை. “பாத்தியா, இன்ஜின் இல்ல. சக்கரந்தான். நான் சொன்னேன்ல” என்றார். அதன்பின் பாப்பான் பக்கம் ஈயக்குட்டைகள் ஓரமாகப் போகிற ஆளில்லாத சாலைக்குக் கொண்டுபோனார். பேரிங் தேய்ந்திருந்தால், கார் ஒரு பக்கம் சாயும்போது பாரம் ஏறிச் சத்தம் கூடுமாம், மறுபக்கம் சாய்ந்தால் குறையுமாம். அதற்காக ஸ்டியரிங்கை வலது, இடது, வலது, இடது என்று வளைத்தார். கள் குடித்தவன் வீடு திரும்புவது போல இரண்டு பேரும் அந்தச் சாலையில் ஆடிக்கொண்டே போனோம். குட்டையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த சீனக் கிழவர் எழுந்து நின்று எங்களைப் பார்த்தார். நான் மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, “அண்ணே, இது பேரிங்க கண்டுபிடிக்கவா, என்னையக் கொல்லவா?” என்று கத்தினேன்.

எந்தப் பக்கம் சாய்ந்தாலும் வண்டு ஒரே சுருதியில் பாடியது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அவர் பட்டறைக்கு வந்து காரைத் தூக்கி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுழற்றி, பக்கத்துச் சுருள்வில்லைப் பிடித்து அதிர்கிறதா என்று பார்த்தார். வெண்ணெய் மாதிரி சுழன்றன. “பேரிங்கு நல்லாத்தான் இருக்கு” என்று, நான்தான் பேரிங் என்று சொன்னேன் என்பதுபோல என்னைப் பார்த்தார்.

விடை கிடைத்தது திரும்பிப் போகும்போதுதான். லகாட்டுக்கும் ஈப்போவுக்கும் நடுவில் ஒரு துண்டுச் சாலைக்குப் புதிதாகத் தார் போட்டிருந்தார்கள். என்னை வீட்டில் விட அவரே ஓட்டி வந்தார். புதுத் தாரில் கார் ஏறியதும் முனகல் சட்டென்று இறங்கியது. பழைய சாலை வந்ததும் மறுபடி ஏறியது. அவர் ஸ்டியரிங்கைத் தட்டினார். “ரோடு மாறுனா சத்தம் மாறுது. டயரு தங்கச்சி, டயரு!” என்று, முதலிலிருந்தே டயர் என்று சொல்லி வந்தவர் போல முழங்கினார். அப்படியே பட்டறைக்குத் திருப்பி, முன் டயர்களைப் பின்னாலும் பின் டயர்களை முன்னாலும் மாற்றிப் போட்டு இன்னொரு தடவை ஓட்டினோம். காலடியில் முனகிய வண்டு இப்போது எங்கள் முதுகுக்குப் பின்னால் போயிருந்தது.

அப்புறம்தான் அவர் குந்தி உட்கார்ந்து, பின்னால் போன டயரை உற்றுப் பார்த்தார்.

“இது என்னா டயரு? எவன் மாட்டுனது?”

“ஏன் அண்ணே?”

“இது வேனுக்குப் போடுறது. கல்லு மண்ணுல ஓடுற காடிக்கு. பாரு, எப்படிக் கட்ட கட்டயா இருக்குன்னு.” என் கையைப் பிடித்து டயர் மேல் வைத்துத் தேய்த்தார். தடித்த ரப்பர்க் கட்டைகள், நடுவில் விரல் போகும் பள்ளம். ஒவ்வொரு கட்டையும் ஒரு ஓரத்தில் சரிவாகத் தேய்ந்து விரலைக் கடித்தது. “தார் ரோட்டுல ஒவ்வொரு கட்டயும் தட்டித் தட்டி ஓடும். ஆபத்து ஒன்னும் இல்ல. ஆனா உறுமாம எப்படி இருக்கும்? டவுனுக்குள்ள ஓட்டுற சின்ன காடிக்கு எந்தக் கோமாளி இத மாட்டுனான்?”

“உங்க மச்சான்தான்.”

அவர் முகம் சுருங்கியது. “என்கிட்டதான எல்லா ரிப்பேரும் பாப்பான், நானும் டயரக் கவனிக்கலையே. டயருக்கு மட்டும் எங்க போனான்?”

எங்கே போனார் என்று எனக்குத் தெரியும். ஆயர் தாவாரில் ஒரு சீனத் தவுக்கேயின் டயர் கடைக்கு. டயர் தேய்ந்தால் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, இங்கே ஈப்போவில் இல்லாத டயரா என்று நான் கேட்பதைக் காதில் வாங்காமல், தனியாக அவ்வளவு தூரம் போய் வருவார். வரும்போது ஒரு பை நிறையக் கொம்பியா ரொட்டி வாங்கி வருவார். வெங்காயம் வைத்தது, எனக்குப் பிடித்தது. சுடச் சுட ரொட்டி வாயில் இருக்கும்போது டயரைப் பற்றி யார் கேள்வி கேட்பார்கள்? மனிதருக்கு ஊர் சுற்ற ஒரு சாக்கு வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தக் கடைக்கு அவர் முதல் தடவை போனது எப்போது என்று பட்டறையில் நின்று யோசித்தேன். அந்தச் சகதி வருடம்தான்.

மகன் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. திருவிழாவுக்கு முந்தின நாள் நல்ல மழை. செம்பனைக் குலை ஏற்றும் லாரிகள் பாதையை உழுது வைத்திருந்தன. ரப்பர் தகடுகளை உலர்த்திய பழைய புகைக்கூடம் இருந்த திருப்பத்தில் ஒரு பள்ளம் உண்டு. நாங்கள் சின்னப் பிள்ளைகளாய் இருந்தபோது அங்கே கப்பல் விடுவோம். அந்தப் பள்ளத்தில் கார் மாட்டிக்கொண்டது. அவர் மிதிக்க மிதிக்கச் சக்கரம் ஒரே இடத்தில் சுற்றிக் கீழே போயிற்று. புந்தோங்கில் பிறந்து வளர்ந்த டவுன்காரருக்குச் சகதியைப் பற்றி என்ன தெரியும்? நான் இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. அன்றுதான் முதல் முதலாகக் கட்டியிருந்த மயில்கழுத்து நிறப் பட்டுச்சேலை. கணுக்காலுக்கு மேல் சேறு, ஒரு செருப்பு உள்ளேயே போய்விட்டது, சக்கரம் சுற்றி அடித்ததில் மார்பு வரைக்கும் செம்மண். கோயிலுக்கு டிராக்டரில் போன சனமெல்லாம் பார்த்துச் சிரித்தது. எங்கள் பானை நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. அந்த வருடம் முதல் பானையை வேறு வீட்டார் வைத்தார்கள். நான் அன்றைக்குத் திட்ட ஆரம்பித்தது வீடு வந்தும் ஓயவில்லை. அவர் சேலையைத் தானே மூன்று தண்ணீர் அலசிக் காயப்போட்டார். கறை போகவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் எந்த வருடமும் மாட்டிக்கொள்ளவில்லை. திட்டினால்தான் ஆண்பிள்ளைக்கு உறைக்கும், பார், எவ்வளவு நன்றாக ஓட்டக் கற்றுக்கொண்டார் என்று நான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். என் வாயால் வந்த நன்மை என்று நாத்தனாரிடம் பலமுறை சொல்லியும் இருக்கிறேன்.

“அப்ப இந்த மாதிரி டயர் போட ஆரம்பிச்சு ரொம்ப வருசமாச்சு” என்றார் பட்டறை அண்ணன், நான் சொன்னதைக் கேட்டுவிட்டு. “போட்ட நாள்ல இருந்து உறுமியிருக்குமே.”

“இல்லண்ணே. அவரு இருந்த வரைக்கும் இந்தச் சத்தம் கெடயாது.”

“இருந்திருக்கும் தங்கச்சி.”

“பக்கத்துலயே உக்காந்திருந்தேன். ஒரு ஆணி ஆடுனாக்கூடச் சொல்ற ஆளு நானு.”

“அது ஊருக்கே தெரியும்லா” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “தேயத் தேயச் சத்தம் கூடும். அதனால இப்பத்தான் கேக்குதோ என்னமோ” என்று இறங்கி வந்தார். எனக்காகச் சொன்னார் என்று தெரிந்தது.

டயர்களைப் பழையபடி முன்னால் மாட்டிக்கொண்டு வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு அழுகையாக வந்தது. அவர் இருந்தவரை இந்த டயர்கூட வாயைத் திறக்கவில்லை, அவர் போனதும் என்னிடம் உறுமுகிறது என்று தோன்றியது. பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அந்த வருடத்தில் எனக்கு எல்லாமே அப்படித்தான் தோன்றியது. தண்ணீர்க் குழாய் ஒழுகினாலும், பக்கத்து வீட்டு நாய் குரைத்தாலும், அவர் இருந்தால் இது நடக்குமா என்றே மனம் கேட்டது.

திதிக்கு வந்த மகன் காரை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போனான், சத்தத்தைக் கேட்டான், பட்டறை அண்ணனிடம் பேசினான். “கண்டுபிடிச்சிட்டீங்க, ஒத்துக்குறேன்” என்றான். “ஆனா டயர மாத்திருங்கம்மா. சத்தமில்லாத நல்ல டயரா போடச் சொல்லிட்டேன்.” புது டயர்கள் திருவிழாவுக்கு மறு வாரம்தான் வரும் என்று அண்ணன் சொன்னார். அதுவரைக்கும் வண்டோடு போய் வருகிறேன் என்றேன். மகனுக்கு லீவு இல்லை. துணைக்கு நாத்தனார் வருவதாக ஏற்பாடு.

திருவிழாவன்று விடிந்ததும் பானை, அரிசி, வெல்லம் எல்லாவற்றையும் பின்சீட்டில் ஏற்றினேன். நாத்தனார் புதுச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து வந்து இடது பக்கம் ஏறினாள். ஏறியதும் அந்தச் சதுரக் குழியைப் பார்த்தாள்.

“வருசந்தான் திரும்பிருச்சே, ரேடியோவ எடுத்து மாட்டுங்க அண்ணி” என்றாள்.

உள்ளே போய் டிராயரைத் திறந்து, அவர் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்த முகப்பை எடுத்து வந்து பொருத்தினேன். ‘டக்’ என்று உட்கார்ந்தது. ஒரு வருடமாக வாய் மூடிக் கிடந்த பெட்டி, நேற்றுத்தான் நிறுத்தியதுபோலப் பாட ஆரம்பித்தது. எனக்குப் பிடித்த மாதிரி, மெதுவாக, அளவாக வைத்துக்கொண்டேன். புந்தோங் தெருக்களில் பாட்டு நன்றாகக் கேட்டது.

லகாட்டைத் தாண்டிப் பெரிய சாலையில் வேகம் எடுத்ததும் வண்டு கிளம்பியது. பாட்டில் பாதி வார்த்தைகள் காணாமல் போயின. குமிழைக் கொஞ்சம் திருகினேன். இன்னும் மிதித்தேன், முனகல் ஏறியது. இன்னும் கொஞ்சம் திருகினேன். ஸ்ரீ இஸ்கண்டார் தாண்டிச் சாலை நீண்டு விரிந்தபோது இன்னும் கொஞ்சம். ஓர் இடத்தில் முனகல் அடியோடு மறைந்து பாட்டு மட்டும் நின்றது. கையை எடுத்தேன்.

“காது செவுடா அண்ணி உங்களுக்கு?” என்று கத்தினாள் நாத்தனார். “கொறைங்க!”

அதே சத்தம். எந்தச் சத்தத்துக்காக அந்தச் சீட்டில் உட்கார்ந்து வருடக்கணக்கில் சண்டை போட்டேனோ, கூடாமல் குறையாமல் அதே சத்தம். வண்டு புதிதாக வந்தது இல்லை. சகதியில் நான் இறங்கித் தள்ளிய வருடத்திலிருந்தே எங்களோடுதான் பிரயாணம் செய்திருக்கிறது. அந்த மனிதர் அதைப் பாட்டுக்கு அடியில் அமுக்கி வைத்திருந்தார். என் காதுக்கு அது கேட்டிருந்தால் ஒரே நாளில் அந்த டயர்களைக் கழற்ற வைத்திருப்பேன். என்னைத் தெரிந்தவர் அவர். அதனால்தான் சலவைத் தூள் விளம்பரத்தைக்கூட நல்ல பாட்டு என்றார்.

“என்னா அண்ணி, அழுவுறீங்களா?”

“நல்ல பாட்டுலா” என்றேன்.

நாத்தனார் என் கையைத் தட்டிக் கொடுத்தாள். ஊர் திரும்பியதும் பட்டறை அண்ணனிடம் புது டயர் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன். இவை தேய்ந்து முடிந்தால் ஆயர் தாவார் கடையில் இதே டயரைப் போடச் சொல்லலாம், அப்படியே கொம்பியாவும் வாங்கலாம். மகன் கேட்டால், கண்டுபிடித்தால் வாயைத் திறக்கக் கூடாது என்பதுதான் பந்தயம் என்பேன்.

ஆயர் தாவார் டவுனைக் கடந்து, செம்பனைக்குள் போகும் பாதையில் காரைத் திருப்பினேன். வேகம் குறைந்ததும் வண்டு தானாகவே அடங்கியது. என் கை போய் ரேடியோவைக் குறைத்தது. குறைத்த பிறகுதான் கையைப் பார்த்தேன். பக்தியாம், பக்தி. தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

முந்தின நாள் அங்கே மழை பெய்திருந்தது. லாரி போன தடத்தில் தண்ணீர் சிவப்பாகத் தேங்கி நின்றது. நாத்தனார் என் அழுகையை மறந்து, தொடரில் வருகிற மாமியார் மருமகளுக்குச் செய்த அக்கிரமத்தைச் சொல்லிக்கொண்டு வந்தாள். புகைக்கூடத்துத் திருப்பம் வந்தது. நான் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, நிறுத்தாமல், மெதுவாகப் பள்ளத்தில் இறக்கினேன். கார் ஒரு பக்கம் வழுக்கப் பார்த்தது. பிறகு அந்தக் கட்டை கட்டையான ரப்பர் சேற்றைக் கடித்துப் பிடிப்பது என் உள்ளங்காலுக்குத் தெரிந்தது. சீராக ஏறி மறுகரைக்கு வந்துவிட்டோம்.

நாத்தனார் பேச்சை நிறுத்தவில்லை. சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு, அந்த மாமியார் அடுத்து என்ன செய்தாள் என்பதைச் சொன்னாள். அங்கே ஒரு பள்ளம் இருந்ததே அவளுக்குத் தெரியாது. அதே சீட்டில் நானும் இத்தனை வருடம் அப்படித்தான் பேசிக்கொண்டே வந்திருக்கிறேன்.